பாம்பனில் எங்கே நிற்பது?

மார்கழியில் கல்யாணம் கிடையாது. திண்டுக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பருக்கு அதுதான் ஊர் சுற்றும் மாதம். "பாம்பன்ல கப்பலுக்குப் பாலம் தொறக்கிறாங்களாம்ணே, வர்றீங்களா?" என்று நாளிதழின் பெட்டிச் செய்தியைக் காட்டினார். பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து 2022 டிசம்பரோடு நின்றிருந்தது. கப்பலுக்காக மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

படம் எடுக்க வருகிற எல்லோரும் நிற்பது சாலைப் பாலத்தில். 1988-ல் திறந்த இந்திரா காந்தி பாலம் அது. ரயில் பாலத்துக்குத் தெற்கே, அதைவிட உயரத்தில் போகிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வெயில் முதுகுப் பக்கம் விழும். இரும்பும் கடலும் பளிச்சென்று இருக்கும். ஆனால் நண்பர் முதலில் விசாரிப்பது, கப்பல் எந்தப் பக்கம் காத்திருக்கிறது என்பதை. பாக் நீரிணையிலிருந்து வந்தால் நம்மைப் பார்த்து வரும். மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தால் நம் காலடியில் நுழைந்து முதுகைக் காட்டிவிட்டுப் போய்விடும். அன்று வடக்கே ஓர் இழுவைக் கப்பல் நின்றது. லென்ஸைப் பற்றி அவர் விளக்கியதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை, விட்டுவிடுகிறேன்.

பின்னால் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. "அவசரப்படாதீங்க தம்பி, இன்னும் நேரமாகும்" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். ரயில்வேயில் கலாசியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தூக்குப் பாலத்தைச் சுற்றியவர்களில் ஒருவர்.

1914-ல் திறந்த பாலம். நடுவிலிருந்த தூக்குப் பகுதிக்கு ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயர். மோட்டார் கிடையாது. இரு பக்கமும் ஆட்கள் நின்று நெம்புகோலைக் கையால் சுற்றச் சுற்ற, இரண்டு இரும்பு இறக்கைகளும் மெல்ல எழும். "சுத்துறதுகூடப் பெரிசில்ல. காத்துதான். கிரீசும் உப்பும் சேந்து கை நிக்காது." காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடும் இடம் அது. 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் பெரும்பகுதி கடலோடு போனதையும், ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் அதை மீட்டதையும் நேற்று நடந்ததுபோலச் சொன்னார். அதற்குள் இறக்கை விரிந்து, கப்பல் நுழைந்து, நண்பரின் கேமரா பொரிந்து தள்ளியது. நான் கப்பலைச் சரியாகப் பார்க்கவில்லை. பெரியவரின் கைகள் அவரை அறியாமலேயே சுற்றிக்கொண்டிருந்தன.

நண்பரின் பாம்பன் படம் ஒன்று சிவகாசிக் காலண்டரில் வந்திருக்கிறது. சில நூறு ரூபாய்க்கு வாங்கிய தரகர் அதை எத்தனை பேருக்கு விற்றார் என்பது இவருக்குத் தெரியாது, பெயர்கூடப் போடவில்லை. சுற்றியவருக்குச் சம்பளமாவது வந்தது. எடுத்தவருக்குப் பெட்ரோல் செலவும் தேறவில்லை. இருவரையும் வைத்துச் சம்பாதித்த ஆள் ஒரு நாள்கூட அந்தக் காற்றில் நின்றதில்லை. இதையெல்லாம் கேட்க நாதியில்லை என்பதால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்துவிட்டது. 72.5 மீட்டர் நீளப் பகுதி மோட்டாரில் நேராக 17 மீட்டர் எழுகிறது. சாலைப் பாலத்தின் மேலேயிருந்து பார்த்தால் அந்த உயரம் தெரியாது. பாம்பன் கரையில் படகுகள் நிற்கும் இடத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்கிறார் நண்பர்.

அன்று கிளம்பும்போது பெரியவர் கேட்டார்: "நான் வேலையில இருந்தப்ப எடுத்தது ஏதாச்சும் இருக்குமா தம்பி?" திண்டுக்கல் வந்து பழைய படங்களைக் கிளறினோம். இறக்கைக்கு அடியில் அரிசி மணி அளவில் சில ஆட்கள். பெரிதாக்கினால் முகம் கலைந்துவிடுகிறது. நண்பர் அதையே பிரிண்ட் போட்டு அனுப்பினார். வலது ஓரத்தில் நிற்பது தான்தான் என்று அவர் போனில் சொன்னாராம்.