திரையில் மறைந்த ஆசிரியர்

கதையொன்று திரைக்குச் செல்லும்போது எதை விடலாம், எதை விடலாகாது என்னும் வினா அண்மையில் நம்முன் வந்தது. ஆவடியில் நம்மிடம் அரபியும் தமிழும் பயின்ற மாணவர் ஒருவர், சத்யஜித் ராயின் 'பங்குபாபுவின் நண்பர்' என்னும் அறிவியல் புனைகதையைத் தமிழில் குறும்படமாக்க எண்ணி, உரையாடலைத் திருத்தித் தருமாறு வேண்டினார்.

1962-ல் 'சந்தேஷ்' என்னும் வங்காளச் சிறுவர் இதழில் வெளிவந்த கதை அது. பங்குபாபு ஒரு சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர். பூகோளமும் வங்காளமும் கற்பிப்பவர். மாணவரின் குறும்புகளை 22 ஆண்டுகளாகச் சினமின்றிப் பொறுத்தவர். மாலைதோறும் கூடும் ஊரார் குழுவிலும் அவரே கேலிப்பொருள். ஓரிரவு, மூங்கில் தோப்பில் வேற்றுலகத்தார் ஒருவரைச் சந்திக்கிறார். தம் மாநிலத்தைத் தாண்டியறியாத அந்தப் பூகோள ஆசிரியருக்கு வடதுருவத்தைக் கருவியொன்றின் வழியே காட்டுகிறார் அவர். இத்துணை அடங்கிப்போவது தகாது என்றும் இடித்துரைக்கிறார். அதன்பின் பங்குபாபு அக்குழுவினர் முன் நிமிர்ந்து பேசிவிட்டு வெளியேறுகிறார்.

வேற்றுலகத்தார் மண்ணில் இறங்கும் இதே எண்ணத்தை வைத்து 1967-ல் 'தி ஏலியன்' என்னும் திரைக்கதையை எழுதினார் ராய். இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் கிளார்க்கின் ஊக்கமும், ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனத்தின் ஆதரவும் அதற்கு இருந்தன. அதில் விண்கலம் தாமரைக் குளத்தில் இறங்குகிறது. ஊரார் அதைக் கோயில் என்று கருதி வணங்குகின்றனர். ஹாபா என்னும் ஏழைச் சிறுவன் நண்பனாகிறான். வணிகர், அமெரிக்கப் பொறியாளர், பத்திரிகையாளர் எல்லாரும் வருகின்றனர். பங்குபாபு மட்டும் இல்லை! அப்படம் எடுக்கப்படவேயில்லை. 1982-ல் வந்த ஸ்பீல்பெர்கின் 'ஈ.டி.'யில் ராய் தம் பிரதியின் சாயலைக் கண்டார். ஸ்பீல்பெர்க் அதை மறுத்தார். அவ்வழக்கு நிற்க.

கதையை மாற்றும் உரிமை ராய்க்கு இருந்தது. பெரிய திரைக்குப் பெரிய நிகழ்ச்சிகள் வேண்டியிருந்திருக்கலாம். எனினும், தாழ்த்தப்பட்ட ஒரு மனிதர் தலைநிமிரும் செய்தி அத்திரைக்கதையில் நடுவிடம் பெறவில்லை. மாறாக, ராயின் 'அனுகூல்' கதையை 2017-ல் குறும்படமாக்கிய சுஜோய் கோஷ், இயந்திரப் பணியாளை வீட்டில் அமர்த்துபவரை இந்தி ஆசிரியராக்கினார். மனிதரின் வேலையை இயந்திரம் பறிக்கும் அச்சம் அதனால் நமக்கு அண்மையதாயிற்று. ஆக, மாற்றம் குற்றமன்று. எதை மாற்றினோம் என்பதே பொருள்.

நம் மாணவரும் விண்கலத்தின்மீதே கண்ணாயிருந்தார். கேலிக் காட்சிகளை ஒரு நிமிடத்திற்குச் சுருக்கியிருந்தார். "ஹஜரத், அவை நீண்டால் பார்ப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள்" என்றார். அதில் உண்மையுண்டு. ஆயினும் எழுத்தில் ஒரு வரியில் சொல்லிவிடும் மனவேதனையைத் திரை முகத்தில்தான் காட்டவேண்டும். அதற்குக் காலம் வேண்டும். அவரோடு நாமும் சிறிது குறுகி அமர்ந்தாலன்றி, அவர் எழும்போது நம் நெஞ்சம் எழாது.

விண்கலத்திற்குப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஓர் ஒளி போதும் என்றோம். அதனினும் செலவில்லாத ஒன்றையும் கூறினோம். கடைத்திண்ணையில் கூடுவோர் அவரை "என்னய்யா வாத்தி, வா, உட்காரு" என்று அழைக்கட்டும். வேற்றுலகத்தாரோ, "ஆசிரியரே, தாங்கள் அமருங்கள்" என்று மொழியட்டும். பதினாலாயிரம் மொழிகள் அறிந்தவராகக் கதை அவரைக் காட்டுகிறது. மரியாதைப் பன்மை அறியாமலா இருப்பார்? மாணவர் சிரித்தார், பின் குறித்துக்கொண்டார். கேலிக் காட்சிகளில் இரண்டை மீட்டுக்கொண்டார், மூன்றாவதை விட்டுவிட்டார். இசைந்தோம்.

அரபியில் 'அதபு' என்னும் ஒரே சொல் இலக்கியத்தையும் நன்னடத்தையையும் குறிக்கும். 'ஸப்ரு' என்னும் பொறுமையும் அஞ்சி அடங்குவதும் ஒன்றல்ல. குறைந்த ஊதியத்தில் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்போர் பலர், எல்லாச் சொல்லையும் பொறுமை என்றே விழுங்கி வாழ்கின்றனர். அவர்கள் நிமிர விண்ணிலிருந்து ஒருவர் இறங்கி வரவேண்டியதில்லை. நம் இல்லங்களில் அவர்களை எவ்வாறு விளிக்கிறோம் என்பதை, அன்பர்களே, பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.