அச்சன்புதூரில் ஒரு பலா யானை

குற்றாலத்துச் சாரலை அருவியில் நின்றுதான் அனுபவிக்க வேண்டும் என்பதில்லை. தென்காசியிலிருந்து வடக்கே பஸ் ஏறி அச்சன்புதூரில் இறங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபக்கம் வயலும் தென்னந்தோப்பும். பண்பொழி திருமலைக்கோவில் குன்று மேகத்துக்குள் மறைவதும் வெளியே வருவதுமாக இருக்கும். ஆனி, ஆடி மாதங்களில் மலையிலிருந்து இறங்கும் தூறல், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களையும் விடாது!

என் அண்ணன் வீடு அங்கேதான். போன சாரலுக்கு இரண்டரை வயது மகனோடு போயிருந்தேன். குற்றாலத்தில் குளித்துத் திரும்பும்போது கடைத்தெருவில் அழுது அடம்பிடித்து ஒரு பிளாஸ்டிக் யானை வாங்கினான். வீடு வந்து சேர்வதற்குள் அதன் காது ஒடிந்துவிட்டது. ஒடிந்த துண்டைத் தேடினால் காணோம். பையனோ வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்!

எனக்குக் கை கால் ஓடவில்லை. மதினிதான் நயமாகப் பேசி வாயைத் திறக்க வைத்தார். நல்லவேளை, துண்டு நாக்கின் மேலேயே இருந்தது. எடுத்துப் போட்டார். அது தொண்டைக்குள் போயிருந்தால்...? அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

"ஏட்டி, நடந்ததையே நெனச்சுக்கிட்டு இருக்காத. நாளைக்கு நம்ம ஆசாரிகிட்டச் சொல்லி மரத்துல ஒரு யானை செஞ்சிருவோம்" என்றார் மதினி.

மறுநாள் பட்டறைக்குப் போனோம். கதவு, ஜன்னல் செய்கிற இடம். ஓரத்தில் ஒரு சின்ன மிஷின் இருந்தது. மேசை போல ஒரு தட்டு. அதன் நடுவே நூல் மாதிரி மெல்லிய ரம்பத் தகடு மேலும் கீழும் ஓடுகிறது. வளைவு நெளிவெல்லாம் அறுப்பதற்கான ரம்பம் அது.

"தையல் மிஷின் ஓட்டுவீங்கல்லாம்மா? அப்போ இதுவும் வரும். ரம்பத்துக்கு எதிரா பலகையைத் தள்ளக் கூடாது. துணியைத் திருப்புத மாதிரி மெதுவா திருப்பிக் குடுக்கணும்" என்றார் ஆசாரி.

முதலில் மரம். அங்கே கிடந்த ஒரு வேங்கைத் துண்டை நான் எடுத்தேன். "அது வேண்டாம்மா, தண்ணி பட்டா சாயம் விடும். பிள்ளை வாயில வைக்கும்லா?" என்று தடுத்துவிட்டார். ஜன்னல் வேலையில் மிஞ்சிய பலாப் பலகை ஒன்றை எடுத்துத் தந்தார். வீணை செய்கிற அதே பலா மரம்தான். கனம் இரண்டு சென்டிமீட்டர். அவ்வளவு கனம் இருந்தால் பொம்மை தானாக நிற்கும்.

காகிதத்தில் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு யானை வரைந்தேன். மைதாப் பசை தடவிப் பலகையில் ஒட்டி அறுத்தோம். அழகாகத்தான் வந்தது. கையில் எடுத்ததும் 'டக்'கென்று தும்பிக்கை ஒடிந்துவிட்டது!

ஆசாரி சிரித்தார். "மரத்தோட நார் ஓடுத திசையைப் பாக்காம ஒட்டிட்டீங்க. தும்பிக்கையும் காலும் மேலயிருந்து கீழ வருது. நாரும் அப்படியே ஓடணும். குறுக்க ஓடுனா ஒடியத்தான் செய்யும்."

இரண்டாவது யானைக்குப் படத்தைத் திருப்பி ஒட்டினோம். தும்பிக்கையை மூன்று விரல் அகலத்துக்குப் பெருக்க வைத்தேன். தலையும் தும்பிக்கையும் ஒன்று, முதுகு ஒன்று, முன்கால் ஒன்று, பின்கால் ஒன்று. மொத்தம் நாலே துண்டுகள். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, கழுத்து சிறுத்துத் தலை பெருத்த ஒரு குமிழை இடையிடையே வரைந்தோம். ரம்பம் தட்டுக்கு நேர் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தார் ஆசாரி. கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் துண்டுகள் ஒரு பக்கமாக மட்டுமே கழலுமாம்.

லண்டனில் 1760களில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் தேசப்படத்தைப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லை வழியே அறுத்து விற்றாராம். பிள்ளைகள் பூகோளம் படிப்பதற்காகச் செய்த அதுதான், இன்றைய புதிர்ப் படங்களுக்கெல்லாம் முன்னோடி.

அறுத்து முடித்ததும் உப்புத்தாள் வேலை. முதலில் 80 நம்பர், பிறகு 120, கடைசியில் 220. ஓரங்களையெல்லாம் உருட்டித் தேய்த்தேன். பழைய நைலான் துணியால் தடவிப் பார்த்தால் சிலும்பு இருக்கிற இடம் இழுத்துக் காட்டிக் கொடுத்துவிடும். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் மூக்கை மூடிக்கொள்ளுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முந்தானையை இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். குழந்தை பட்டறைப் பக்கமே வரக் கூடாது.

தாய்மார்கள் மறக்கக் கூடாத ஓர் அளவு உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு குழாயை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்குகிற துண்டு எதுவானாலும் ஆபத்து. அதனால் எங்கள் யானையின் ஒவ்வொரு துண்டும் நாலு சென்டிமீட்டருக்கு மேல் நீளமும் அகலமும் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம்.

பையனுக்குச் சிவப்பு யானைதான் வேண்டுமாம்! வீட்டில் மிஞ்சிய பெயின்ட்டை அடிக்கலாமா என்று கேட்டேன். ஆசாரி கூடாது என்றார். அவர் சொன்னது சரிதான். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. மூலையில் கிடக்கும் பழைய டின்னில் எவ்வளவு இருக்கிறதோ! தேன்மெழுகைத் தேங்காய் எண்ணெயில் உருக்கித் தடவித் துடைத்தோம். பலாவின் மஞ்சள் நிறம் பளிச்சென்று எழுந்து வந்தது.

"கலர் சாமான் வேணும்னா போற வழியில அம்பையில இறங்குங்க" என்றார் ஆசாரி.

தென்காசியிலிருந்து திருநெல்வேலி போகிற ரயில் பாதையில்தான் அம்பாசமுத்திரம் இருக்கிறது. சொப்புச் சாமானுக்குப் பேர் போன ஊர். அடுப்பு, பானை, அம்மி, திருவை, குடம் எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில்! மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு பிடித்துக்கொள்ளும். இப்போது பெயின்ட் பூசியவையும் வருவதால், அரக்கா பெயின்ட்டா என்று கேட்டு வாங்குங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றாலும், பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே கைவினைப் பொம்மையை நாம்தான் பார்த்து வாங்க வேண்டும். நான் ஒரு செட் வாங்கிப் பரணில் வைத்துவிட்டேன். குட்டிக் குட்டிச் சாமான்கள். பையனுக்கு மூன்று வயது முடியட்டும்.

1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாரே மரியா மாண்டிசோரி அம்மையார், அவருடைய முறையில் குமிழ் வைத்த மரப்புதிர்கள் உண்டு. மூன்று விரலால் குமிழைப் பிடித்துப் பழகிய கை, பின்னால் பென்சிலையும் அப்படியே பிடிக்கும் என்பது அவர் கண்டது. எங்கள் யானையில் குமிழ் இல்லை. ஆனாலும் என் பையன் ஒவ்வொரு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு பொருத்துகிறான்.

ஆசாரி பலகைக்குக் காசு வாங்கவில்லை, அறுத்த கூலி மட்டும்தான். உங்கள் வீட்டில் மரவேலை நடந்தால், மிஞ்சிய துண்டுகளை அடுப்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்றை எடுத்து வைத்து, "ஆசாரி, இதில் ஒரு யானை வருமா?" என்று கேளுங்கள். ஒட்டுவதற்கு முன் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒடிந்த என் முதல் யானை இன்னும் மதினி வீட்டு ஜன்னலில்தான் நிற்கிறது, தும்பிக்கை இல்லாமல்!