ஆச்சி வீட்டு டிவியும் 24 நிமிஷமும்

செமஸ்டர் லீவுக்கு பாளையங்கோட்டையில ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். போன அன்னிக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு ஆச்சி சீரியல் போட்டாங்க. மாமியார் மருமகள் கையைப் பிடிச்சு "உண்மையைச் சொல்லு"ன்னு கேட்கிற நேரம் பார்த்து டப்புன்னு டிவி அணைஞ்சுது. கரண்ட் போகல, ஃபேன் ஓடிக்கிட்டுதான் இருக்கு. நான் துள்ளி எழுந்தேன். ஆச்சி அசையவே இல்ல.

"அது அப்படித்தான்யா அணையும். மீதியை நாளைக்குத் தொடக்கத்துல காட்டுவான்"னு சொல்லிட்டு, முறத்தை எடுத்து அரிசியில கல் பொறுக்க உட்கார்ந்துட்டாங்க.

நான் இ.இ.இ. மூணாவது வருஷம். "பேரன் கரண்டுக்குப் படிக்கான்"னு ஆச்சி தெரு பூரா சொல்லி வச்சிருக்காங்க. (இதுவரைக்கும் நான் சொந்தமா ரிப்பேர் பண்ணினது ஒரு மிக்சி ஸ்விட்ச். அதுவும் ரெண்டு நாள்தான் ஓடுச்சு. இது ஆச்சிக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிராதீங்க.)

ஏற்கெனவே ஒரு மெக்கானிக் வந்து பத்து நிமிஷம் பார்த்துட்டு, "போர்டு போயிருச்சு, மாத்த 4,500 ஆகும்"னு சொல்லிட்டுப் போயிருக்கார். அத்தை போன்ல, "12 வருஷ டிவிக்கு 4,500 எதுக்கும்மா? அதான் தனியா இருக்க வேண்டாம், சென்னைக்கு வந்துருன்னு சொல்றேன்ல"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. ஆச்சி பயந்தது அந்த ரெண்டாவது பாதிக்குத்தான். தாத்தா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. 2013-ல அவர் வாங்கின 32 இன்ச் எல்இடி டிவி இது. "படம் பார்க்கவாய்யா போடுதேன்? சத்தம் இருந்தா வீட்டுல ஆள் இருக்க மாதிரி இருக்கும்லா"ன்னு ஆச்சி சொன்னப்ப எனக்கு என்னவோ மாதிரி ஆயிருச்சு. சரி, இதை ஒரு கை பார்த்துடுவோம்னு இறங்கினேன்.

முதல்ல கவனிச்சது செட்டாப் பாக்ஸ். அதுவும் டிவியும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லதான் சொருகியிருக்கு. டிவி அணையிற நேரத்துல செட்டாப் பாக்ஸ் விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதனால கரண்ட் வராததில்ல பிரச்சினை. மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தா 218 வோல்ட். அதுவும் தப்பில்ல.

அடுத்து நேரத்தைக் குறிச்சேன். காலேஜ் லேப்ல ரீடிங் எடுக்கச் சொன்னா பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுற ஆள் நான். ஆனா இங்க ஒழுங்கா ஒரு பழைய காலண்டர் தாள் பின்னாடி எழுதினேன். ஆறின டிவியை சாயங்காலம் போட்டா 24 நிமிஷம். அணைஞ்ச உடனே திரும்பப் போட்டா 6 நிமிஷம். அரை மணி நேரம் ஆறவிட்டுப் போட்டா 15 நிமிஷம்.

இந்த மூணு எண்ணே பாதி கதையைச் சொல்லிருச்சு. ஸ்லீப் டைமர் ஆன் ஆகி இருந்தா எப்பவும் ஒரே நேரக் கணக்குல அணையும். பிளக் லூஸா இருந்தா கணக்கே இருக்காது. ஆற ஆற நேரம் கூடுதுன்னா அது சூடு. உறுதி பண்ண டேபிள் ஃபேனை டிவி பின்பக்கம் பார்த்துத் திருப்பி வச்சேன். வேற எதையும் மாத்தல. ரெண்டு மாத்தத்தை ஒரே நேரத்துல பண்ணினா எதனால சரியாச்சுன்னு தெரியாது, அதான். 50 நிமிஷம் ஓடுச்சு! சூடேதான்.

சரி, சூடு எங்கேருந்து வருது? இங்கதான் முட்டிக்கிட்டு நின்னேன். ராத்திரி பூரா போன்ல தேடினேன். மறுநாள் காலையில காப்பி கொடுக்கிறப்ப ஆச்சி சாதாரணமா கேட்டாங்க: "ஏய்யா, காலையில பக்திப் பாட்டு ரெண்டு மணி நேரம் போடுதேன், ஒரு நாளும் அணையலையே. ராத்திரிதான் அணையுது. அது ஏன்?"

காப்பி தொண்டையில நின்னுருச்சு. இதை நான் கேட்கவே இல்ல. மெக்கானிக்கும் கேட்கல. ஆறு மாசமா தினம் அந்த டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கிற ஒரே ஆள் ஆச்சிதான்.

போய் டிவி இருக்கிற இடத்தைப் பார்த்தேன். மேற்குச் சுவர்ல பதிச்ச ஷோகேஸ். முன்பக்கம் மட்டும்தான் திறப்பு. மத்தியானம் பூரா வெயில் அந்தச் சுவர்லதான் அடிக்குது. செங்கல் சுவர் சூட்டை உடனே உள்ளே விடாது. வாங்கி வச்சுக்கிட்டு, சில மணி நேரம் கழிச்சு, சரியா சீரியல் நேரத்துக்கு உள்ளே தள்ளும். கையை வச்சுப் பார்த்தேன். காலையில சில்லுன்னு இருந்த சுவர், ராத்திரி ஏழு மணிக்கு இட்லிப் பானை பக்கத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு.

டிவிக்குள்ள கீழ் ஓட்டை வழியா குளிர்ந்த காத்து போய், சூடாகி, மேல் ஓட்டை வழியா வெளியேறணும். இங்க கீழ் ஓட்டைக்கு நேர் கீழே செட்டாப் பாக்ஸ், எந்நேரமும் வெதுவெதுன்னு. மேல் ஓட்டைக்கு மேலே... ஒரு துணி! தாத்தா தைச்சுப் போட்ட டிவி கவரை முன்பக்கம் மட்டும் தூக்கிவிட்டு, பின்பக்கம் மூடினபடியே ஆச்சி டிவி பார்த்திருக்காங்க.

"ஆச்சி, இதை ஏன் இப்படிப் போட்டிருக்கீங்க?"ன்னு கொஞ்சம் கோபமாவே கேட்டேன். "பழைய டிவியில பல்லி உள்ள போயி புகைஞ்சுதுல்லா. அதுக்கப்புறம் ஒங்க தாத்தா தச்சது"ன்னாங்க. எனக்கு வாயே இல்ல. பல்லி போர்டுல ஏறி ஷார்ட் ஆகிறது நம்ம ஊர்ல நிஜமாவே நடக்கிற விஷயம். தாத்தா செஞ்சது முட்டாள்தனம் இல்ல. அது வேற டிவிக்கு, வேற வியாதிக்குக் கொடுத்த மருந்து.

டிவியைக் கிழக்குச் சுவர் பக்கம் ஒரு மேஜைக்கு மாத்தினேன். நாலு பக்கமும் 10 சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி, செட்டாப் பாக்ஸ் தனியா. பிளக்கைப் பிடுங்கிட்டு, பெயிண்ட் பிரஷால ஓட்டையில இருந்த தூசியைத் தட்டினேன். அன்னிக்கு ராத்திரி ஒரு மணி 40 நிமிஷம் ஓடுச்சு. ஆச்சிக்கு ஒரே சிரிப்பு. அப்புறம்... டப்.

ஆக, சூடு மட்டும் இல்ல. சூடு ஏற்கெனவே எதையோ கெடுத்து வச்சிருக்கு. மார்க்கெட் பக்கம் ஒரு பழைய ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். பெரியவர் ஒருத்தர் நான் எழுதின தாளை வாங்கிப் படிச்சுட்டு, "இது போதும் தம்பி"ன்னு சொல்லி நேரா பவர் சப்ளையைத் திறந்தார். ரெண்டு கெபாசிட்டரோட தலை, அப்பளம் மாதிரி உப்பியிருந்துச்சு. உள்ளே இருக்கிற திரவம் சூட்டுல காய்ஞ்சா கெபாசிட்டரோட மின்தடை ஏறும். தடை ஏறினா அதுவே இன்னும் சூடாகும். கடைசியில வோல்டேஜ் தள்ளாடி, செட் தன்னைத்தானே காப்பாத்திக்க அணைஞ்சுக்கும். 10 டிகிரி சூடு குறைஞ்சா இந்த வகை கெபாசிட்டர் ஆயுசு சுமார் ரெண்டு மடங்கு ஆகும்னு எங்க பாடத்துலயே இருக்கு. மார்க்குக்காகப் படிச்ச வரி. அன்னிக்குத்தான் புரிஞ்சுது. செலவு 350 ரூபா.

இப்ப டிவி அணையிறதில்ல. ராத்திரி படுக்கப் போறப்ப, செட் ஆறினதுக்கு அப்புறம், ஆச்சி அந்த கவரை எடுத்து முழுசா போர்த்தி விடுறாங்க. நான் ஒண்ணும் சொல்லல. அணைச்ச டிவிக்கு கவர் நல்லதுதானே, பல்லியும் போகாது.

அத்தைக்குப் போன் போட்டு ஆச்சி சொன்னது: "டிவி சரியாயிட்டு. நான் எங்கயும் வரல."

அந்த மாமியாருக்கு மட்டும் மருமகள் இன்னும் உண்மையைச் சொல்லல.

பி.கு: கை துறுதுறுன்னு இருக்கிறவங்களுக்கு. நேரம் குறிக்கிறது, இடம் மாத்துறது, வெளியே தூசி தட்டுறது வரைக்கும் நாமளே பண்ணலாம். மூடியைத் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். கரண்டுக்குப் படிக்கிற நானே திறக்கல!