கறுத்த தேக்கும் நான்கு பங்காளிகளும்

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீட்டுக்குள் முதல்முறை நுழைகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மரமெல்லாம் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கு?" நிலை, கதவு, தூண், உத்தரம், ஜன்னல் சட்டம்... எல்லாம் கரும்பழுப்பு. மரத்தின் நிறமே அதுதான் என்று நினைத்தால் தப்பு. பர்மாத் தேக்கு அறுத்த புதிதில் தங்கப் பழுப்பு. வயதாக ஆகக் கொஞ்சம் கருக்கும், உண்மைதான். மீதிக் கறுப்பு மேலே ஏறியது: வருஷா வருஷம் தடவிய எண்ணெய், அதில் ஒட்டிய தூசி, விளக்குப் புகை, அதற்கும் மேல் கல்யாணத்துக்குக் கல்யாணம் அடித்த வார்னிஷ்.

மரம் வந்த கதை தெரிந்ததுதான். தென்பர்மாவில் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலம் கைமாறியது. அந்தப் பத்தாண்டின் முடிவில் அங்குள்ள முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால்வாசி நிலம் இவர்களிடம் இருந்தது. 1942-ல் ஜப்பான் படை வந்தது. 1948-ல் பர்மா அரசின் நில தேசியமயச் சட்டம். இங்கே வீடு நின்றது, அங்கே வருமானமும் நின்றது!

அப்படி ஒரு வீடு. பங்காளிகள் நான்கு பேர், ஒருவரும் ஊரில் இல்லை. ஆத்தா மட்டும் இருக்கிறார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிரித்த வீடுகளின் தூணும் கதவும் அங்கே எப்படி அடுக்கியிருக்கும் என்று. இந்த வீட்டுத் தூண்களுக்கும் ஒருவர் விலை பேசிவிட்டுப் போயிருந்தார். வணிகவியல் படித்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். தேய்மானம் எழுதி எழுதி, கணக்குப் புத்தகத்தில் இந்தக் கட்டடம் என்றைக்கோ பூஜ்யத்துக்கு வந்திருக்கும். பிரித்துப் போட்டால் மட்டும் மரத்துக்கு வரிசையில் ஆள்! நிற்கிற வீட்டுக்கு ஆபத்தே அதுதான்.

மூத்தவர் போனில் சொன்ன யோசனை, "ஆத்தா, பிரவுன் எனாமல் அடிச்சு விட்ரலாம், பளிச்சுன்னு இருக்கும்."

"அந்தக் கறுப்புல பாதி எங்க மாமியா ஏத்துன விளக்குப் புகைடா. துடைக்கிறதுன்னா துடை, மூடாதே."

ஆத்தா சொன்னதுதான் சரி. எனாமல் அடித்தால் தேக்கும் ஒன்று, பிளைவுட்டும் ஒன்று.

வந்த ஆசாரி உப்புத்தாளை எடுப்பதற்கு முன் பஞ்சை எடுத்தார். மேலே இருப்பது என்ன பூச்சு என்று தெரியாமல் சுரண்டக்கூடாது. கதவுக்குப் பின்னால் கண்ணில் படாத மூலையில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிஷம் வைத்துத் தேய்த்தார். பூச்சு பிசுபிசுத்துப் பழுப்பாகப் பஞ்சில் வந்தால் அது அரக்குப் பாலிஷ். வராவிட்டால் வார்னிஷோ எனாமலோ. அரக்கு என்றால் முழுக்க உரிக்க வேண்டியதே இல்லை. புது அரக்கு பழையதைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும். டர்பன்டைன் துணியால் அழுக்கைத் துடைத்தாலே பல இடங்களில் ரேகை தெரிய ஆரம்பித்துவிடும். (எத்தனை நாள் கூலி மிச்சம்!)

வளவுத் தூண்களில் அரக்குதான் இருந்தது. கதவுகளில்தான் தொல்லை, யாரோ எப்போதோ அடித்த எனாமல். காஸ்டிக் சோடா ஊற்றி ஒரே நாளில் உரித்துத் தருகிறோம் என்று சொல்கிறவர்கள் உண்டு. பெயிண்ட் போகும், கூடவே தேக்கும் திட்டுத் திட்டாகக் கறுக்கும். கையால்தான் தேய்க்க வேண்டும்: 80-ல் தொடங்கி 120, 180, கடைசியாக 220-ஆம் நம்பர் தாள், ரேகை ஓடும் திசையிலேயே. குறுக்கே ஒரே ஒரு இழுப்பு போதும், பாலிஷ் போட்ட பிறகு கோடு பல்லை இளிக்கும். சமப் பலகைக்கு மெஷின் சரி. நிலைக்கு மேல் செதுக்கிய கஜலட்சுமியிடம் மெஷினைக் கொண்டுபோனால் முதலில் போவது அம்மனின் மூக்கு.

இன்னொன்று, இதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. பழைய எனாமலில் ஈயம் இருக்க நிறையவே வாய்ப்பு. வீட்டுப் பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உலர்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் வீடெங்கும் படியும், தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். ஈரப்படுத்தித்தான் தேய்க்க வேண்டும். முகத்தில் கர்ச்சீப் கட்டினால் போதாது, தூசியைத் தடுக்கிற நல்ல முகமூடி வேண்டும். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் வீடு என்பதால் இந்த விஷயத்தில் ஆத்தாவே கறார்.

அரக்கு தண்ணீருக்கு ஆகாது, ஈரம் பட்டால் வெள்ளை பூத்துவிடும். அதனால் உள்ளே அரக்கு, வெயிலும் சாரலும் படும் முகப்புக்கு ஆளிவிதை எண்ணெய் என்று முடிவானது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துத்தான் காயப்போட வேண்டும்.

மூன்று பங்காளிகள் பணம் அனுப்பினார்கள். நான்காமவர் இன்னும் "பார்க்கலாம்" என்கிறார். வந்த பணத்தில் வளவுத் தூண்களும் உள்கதவு இரண்டும் முடிந்தன. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முகப்பு நிலைக்கு ஆசாரி தை மாதம் வரச் சொல்லியிருக்கிறார்.