எத்தனை புள்ளி?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில், மலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது கல்லாறு. மழை விட்டு வெயில் அடித்தால், ஆற்றோரத்து ஈரமணலில் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக இறங்கி உப்புச்சத்தை உறிஞ்சும். அவற்றைப் படமெடுத்து இனம் பிரிக்கும் கோவை நண்பர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒருவர் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மூன்றாமவர் கல்லூரி மாணவர். இதில் யாருக்கும் ஒரு பைசா வருமானம் கிடையாது. ஆனாலும் ஒரு பெயரைச் சொல்வதற்கு முன் அவர்கள் காட்டும் நிதானத்தைச் சம்பளம் வாங்கும் பல வேலைகளில்கூட நான் பார்த்ததில்லை.

உண்ணிச்செடிப் பூவில் கறுப்பும் சிவப்புமாகப் பெரிய பட்டாம்பூச்சி ஒன்று வந்து அமர்ந்தது. முன்னிறகில் வெள்ளைப் பட்டைகள், பின்னிறகில் சிவப்புப் புள்ளிகள். "கிரிம்சன் ரோஸ், டீச்சர்" என்றார் மாணவர். ஆசிரியை கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கி அவரிடம் நீட்டினார். "இறகை விடுப்பா. உடம்பைப் பாரு."

உடம்பு கறுப்பு. கிரிம்சன் ரோஸுக்கு உடம்பு சிவப்பாக இருக்கும். இது அதன் வேஷம் போட்ட கறிவேப்பிலை அழகி, ஆங்கிலத்தில் காமன் மார்மன். ரோஸ் வகைகளின் புழுக்கள் ஆடுதீண்டாப்பாளையைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. பறவைகள் அவற்றை ஒதுக்கிவிடும். கறிவேப்பிலையும் எலுமிச்சை இலையும் தின்று வளரும் மார்மனுக்கு அந்த நஞ்சு இல்லை. அதனால் அதன் பெண்ணுக்கு மூன்று தோற்றங்கள்: ஒன்று ஆணைப் போலவே இருக்கும், இன்னொன்று காமன் ரோஸைப் போல, மற்றொன்று கிரிம்சன் ரோஸைப் போல. இறகெல்லாம் நகலெடுத்தும் உடம்பின் நிறம் மட்டும் மாறவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவரிடம் அது தப்ப முடியாது.

எருக்கஞ்செடிப் பக்கம் சுற்றும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சிக்கும் இப்படி ஒரு நகல் உண்டு. டனாய்டு எக்ஃபிளையின் பெண் அச்சு அசலாக அதே ஆரஞ்சு நிறம். அங்கே பார்க்க வேண்டியது பின்னிறகின் நடுப்பகுதி. வெந்தய வரியனில் பெண்ணுக்கு அங்கே மூன்று கரும்புள்ளிகள் இருக்கும், ஆணுக்கு நான்கு. நகலுக்கு அந்த நடுப்புள்ளிகள் கிடையாது. மேல்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு கரும்புள்ளிதான்.

அன்றைய பெரிய வேலை மணலில் இருந்த மஞ்சள் கூட்டம். கிராஸ் எல்லோ என்னும் இந்தச் சின்னப் பட்டாம்பூச்சிகளில் பல இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. பறக்கும்போது எல்லாம் ஒன்றுதான். டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து, மில்காரர் ஒவ்வொரு படமாக நகர்த்தினார். முன்னிறகின் அடிப்புறத்தில், நரம்புகள் சூழ்ந்த நீண்ட கட்டம் ஒன்று இருக்கிறது. 'செல்' என்பார்கள். அதற்குள் மங்கலான பழுப்புக் கோடுகள்தான் அடையாளம். இரண்டு இருந்தால் காமன், மூன்று இருந்தால் த்ரீ-ஸ்பாட். அமர்ந்திருக்கும் பூச்சியின் முன்னிறகைப் பின்னிறகு பாதி மூடிவிடுவதால், பல படங்களில் அந்த இடம் முழுதாகத் தெரிவதில்லை. கோடையில் வரும் பூச்சிகளுக்கும் மழைக்காலத்தில் வருபவற்றுக்கும் நிறமும் கறையும் வேறு. வண்ணத்தை நம்பினால் ஏமாறுவோம்.

ஒரு படத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தன. மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் பின்னிறகின் ஓரம் மறைத்திருந்தது. "காமன்னு போட்டுடலாமா அண்ணா?" என்றார் மாணவர். "மறைஞ்ச இடத்துல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதே தம்பி. யூரேமான்னு மட்டும் போடு." இனப்பெயர் இல்லாமல், பேரினத்தின் பெயரோடு அந்தப் படம் பதிவானது. அந்த வேலையின் சாரம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கே பார்ப்பது என்பது பாதி வித்தை. எங்கே நிறுத்துவது என்பது மீதி.

இந்தியப் பட்டாம்பூச்சிகளைப் பற்றி வின்டர்-பிளைத் எழுதிய நூல் வெளிவந்த 1957 வாக்கில், வலை வீசிப் பிடித்து, ஊசி குத்திப் பெட்டியில் வைத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துப் பெயர் சொன்னார்கள். இன்று உயிரை எடுக்காமலே அந்த வேலை நடக்கிறது. அது பெரிய முன்னேற்றம். ஆனால் படம் காட்டுவது ஒரு பக்கத்தை, ஒரு நொடியை மட்டும். ஸ்கிப்பர் என்னும் பட்டாம்பூச்சி வகையில் சில இனங்களை நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். அவற்றுக்கு எவ்வளவு நல்ல கேமராவும் போதாது.

பெயர் சொல்வதில் இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்தும் சமவெளியிலிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. வெண்புள்ளிக் கருப்பன் எனப்படும் காமன் க்ரோவும், அதைப் போலவே இருக்கும் டபுள்-பிராண்டட் க்ரோவும் அந்தக் கூட்டத்தில் கலந்தே பறக்கும். ஆணின் முன்னிறகு மேற்புறத்தில் கோடு போன்ற வாசனைத் தழும்பு ஒன்று இருந்தால் முன்னது, இரண்டு இருந்தால் பின்னது. இறகை மூடி உட்கார்ந்தால் அதுவும் தெரியாது. அடிப்புறப் புள்ளிகளை ஒப்பிட வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் எழுதினால், எந்த இனம் எந்தத் திசையில் எப்போது போகிறது என்ற கணக்கே பொய்யாகிவிடும். ஒரு இனம் குறைந்துகொண்டு வந்தாலும் நமக்குத் தெரியாமல் போகும்.

பட்டாம்பூச்சியைப் படமெடுக்கும் எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இறகு விரித்தபோதும் மூடியபோதும் எடுங்கள். உடம்பு தெரியும்படி எடுங்கள். எந்தச் செடியில் இருந்தது, முட்டையிட்டதா என்று பாருங்கள். காமன் கிராஸ் எல்லோ முட்டைகளைத் தனித்தனியாக இடும், த்ரீ-ஸ்பாட் கொத்தாக இடும். இடத்தையும் தேதியையும் மறக்காமல் எழுதுங்கள். பெயர் தெரியாத படத்துக்கு நாளைக்கு யாராவது சரியான பெயரைச் சொல்லிவிடலாம். தவறான பெயர் ஒட்டிய படத்தை மறுபடி திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது.