ஏறுவதற்கு நாலு சக்கரம்

ஹோப்பில் பெட்ரோல் போட நிறுத்தியபோது தூறிக்கொண்டிருந்தது. ஜனவரி, காலை எட்டு மணி. வெளியே 3 டிகிரி என்றது காரின் திரை. மலைத் தலைகளில் ஒட்டியிருந்த வெள்ளையைத் தவிரப் பனி என்று சொல்ல எதுவும் இல்லை. “இதுக்கா இத்தனை பயமுறுத்துன?” என்றேன். தங்கை மகள் பதில் சொல்லவில்லை. மாகாண நெடுஞ்சாலைத் துறை சாலையோரம் வைத்திருக்கும் கேமராக்களின் படங்களைக் கைபேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். கணவாய் உச்சியின் படம் வந்ததும் என் பக்கம் நீட்டினாள். சாலையைக் காணோம். சாம்பல் நிறத்துக்குள் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஹோப்பில் தொடங்கிக் கம்லூப்ஸில் முடியும் இந்தச் சாலைக்குக் கோக்கிஹாலா என்று பெயர். ஏறத்தாழ 190 கி.மீ. அங்குள்ளவர்கள் ‘கோக்’ என்று சுருக்கிவிட்டார்கள். ஹோப் கடல் மட்டத்திலிருந்து சுமார் 40 மீட்டர் உயரம்தான், ஐம்பதே கி.மீ.யில் சாலை 1,244 மீட்டருக்கு ஏறிவிடுகிறது. பசிபிக் கடலின் ஈரக்காற்றும் அதே பள்ளத்தாக்கு வழியாகத்தான் ஏறுகிறது. கீழே மழை, மேலே பனி. ஹோப்பில் நின்றுகொண்டு கோக்கைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அரை மணி நேரத்தில் எனக்குப் புரிந்தது.

வண்டி சுபாரு கிராஸ்ட்ரெக். கார் உடம்புக்கு ஜீப் கால் வைத்தது போன்ற சின்ன கிராஸ்ஓவர் வகை. தரைக்கும் அடிவயிற்றுக்கும் இடையே 220 மி.மீ. இடைவெளி, எஞ்சினின் இழுப்பு எந்நேரமும் நான்கு சக்கரங்களுக்கும் போகும். இதே அளவில் நம்மூரில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை, பார்க்க எவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தாலும், முன் சக்கரங்கள் மட்டுமே இழுப்பவை. நாலு சக்கரமும் இழுக்கிறது என்றால் பிறகென்ன கவலை என்று கேட்டேன். அவள் இறங்கி, முன் டயரின் பக்கவாட்டைத் தொட்டுக் காட்டினாள். மூன்று முகடுள்ள ஒரு மலை, அதற்குள் ஒரு பனிப்படிகம், நகத்தளவுச் சின்னம்.

“மாமா, இந்தப் படம் இருக்குதுங்களா, அதுதான் வண்டி. மத்ததெல்லாம் சும்மாங்க.”

அக்டோபர் 1 முதல் இந்தச் சாலையில் குளிர்காலத்துக்கு உரிய டயர் இல்லாமல் போகக்கூடாது. மலைக்கணவாய்களில் ஏப்ரல் 30 வரை இந்த விதி நீள்கிறது. ‘எம்+எஸ்’ என்று மட்டும் பொறித்த டயரையும் சட்டம் ஏற்கிறது. ஆனால் அந்த எழுத்து பள்ளங்களின் அமைப்பை மட்டுமே சொல்கிறது. மலைச்சின்னம் பெற, டயர் பனியில் சோதனை ஓட்டம் தேற வேண்டும். விஷயம் ரப்பரில் இருக்கிறது. சாதாரண டயர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கிவிடும். குளிர்கால டயரின் கலவை அப்போதும் இளகியே இருந்து, பனியின் மேடுபள்ளத்துக்குள் அழுந்திப் பிடிக்கும். பள்ளங்களுக்கு இடையே கத்தியால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் உண்டு. அவற்றில் பனி ஒட்டிக்கொள்ளும். பனியைப் பிடிக்கப் பனியைவிட நல்ல பொருள் இல்லை.

ஹோப்பைத் தாண்டியதும் ‘ஒதெல்லோ’ என்று ஒரு பலகை வந்தது. பிறகு லியர், ஜெசிகா, போர்ஷியா. கணவாய்க்குப் பக்கத்தில் இயாகோ, ரோமியோ; அதைத் தாண்டி ஜூலியட். இந்தப் பள்ளத்தாக்கில் 1916இல் ரயில் விட்ட கெட்டில் வேலி ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் ஆண்ட்ரூ மெக்கல்லக் ஷேக்ஸ்பியர் பித்தர்; பல நிலையங்களுக்கு நாடகப் பாத்திரங்களின் பெயரை வைத்துவிட்டார். பனிச்சரிவும் மண்சரிவும் அந்தப் பாதையைக் குளிர்காலங்களில் மாதக்கணக்கில் மூடிப் போட்டன. 1959இல் வெள்ளம் அரித்த பிறகு சீர் செய்ய யாரும் மெனக்கெடவில்லை. தண்டவாளம் போய்ப் பெயர்கள் மட்டும் தங்கின. ரோமியோவுக்கும் ஜூலியட்டுக்கும் நடுவே ஒரு கணவாயை வைத்தது தற்செயலா, கிழவரின் குசும்பா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

சாலைக்கு வயது குறைவு. வான்கூவரில் நடந்த எக்ஸ்போ 86 கண்காட்சிக்குள் முடித்தாக வேண்டும் என்று அவசரமாகப் போட்டு, 1986 மே மாதம் நடுவழியிலுள்ள மெரிட் ஊர் வரை திறந்தார்கள். காருக்குப் பத்து டாலர் சுங்கம் 2008 வரை வாங்கினார்கள். 2021 நவம்பரில் இரண்டு நாள் கொட்டிய மழையில் பள்ளத்தாக்கின் ஆறு திரும்பி வந்து தன் இடத்தைக் கேட்டது. இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் சாலை அறுந்தது, பாலங்கள் விழுந்தன. 35 நாளில் லாரிகள் மட்டும் போகும் அளவுக்கு மீட்டார்கள். மற்ற வண்டிகளுக்கு ஜனவரி வரை காத்திருப்பு.

போர்ஷியாவை நெருங்கும்போது தூறல் சத்தம் நின்றது. அந்த அமைதிதான் முதல் அறிகுறி. கண்ணாடியில் மோதிய துளிகள் தெறிக்காமல் அப்பிக்கொண்டன. திரை 0 காட்டியது. அவள் வேகத்தை 70க்கு இறக்கினாள். சாலைக்கு மேலே மின்பலகை 80 என்றது. இந்தப் பகுதியில் வேக வரம்பு நிலையானதல்ல, வானிலை பார்த்து மாற்றுவார்கள். நல்ல நாளில் 120 கூட அனுமதி.

எனக்கு ஆறுதலாக இருந்தது. நல்ல குளிர் இன்னும் வரவில்லையே, மைனஸ் இருபதில்தானே ஆபத்து என்று நினைத்தேன். நேர்மாறு. மைனஸ் பதினைந்தில் பனிக்கட்டி காய்ந்து சொரசொரவென்று இருக்கும். டயருக்கு ஓரளவு பிடி கிடைக்கும். பூஜ்யத்தில் அதன்மேல் தண்ணீர்ப் படலம் பரவி, எண்ணெய் தடவிய கண்ணாடியாகிவிடும். கோக்கின் மேற்குச் சரிவு பெரும்பாலும் இந்தப் பூஜ்யத்தை ஒட்டியேதான் திரிகிறது. தமிழில் எல்லாவற்றுக்கும் பனி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நான் தடுமாற, அவள் வாயில் ஸ்னோ, ஸ்லஷ், பிளாக் ஐஸ் என்று தினுசு தினுசாக வந்தன. மார்கழிப் பனிக்குத் தலையில் துண்டு கட்டி வளர்ந்த மொழி, பாவம், என்ன செய்யும். ஸ்லஷ் என்பது உப்பில் பாதி கரைந்த சேற்றுப்பனி. இரண்டு தடங்களுக்கு நடுவே வரப்பு போலக் குவிந்து கிடக்கும். தடம் மாறும்போது ஒரு பக்கச் சக்கரம் அதில் ஏறினால் வண்டி அந்தப் பக்கம் சுண்டி இழுக்கும். அவள் வரப்பைக் கடந்தது ஒரே ஒருமுறை. ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பி, ஆக்சிலரேட்டரைக் கூட்டவும் இல்லை, விடவும் இல்லை.

ஏற்றத்தில் வண்டி அழகாகப் போயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். வலது தடத்தில் லாரிகள் சங்கிலி கட்டிக்கொண்டு சலங்கை ஒலியோடு ஊர்ந்தன. முன் சக்கரம் இழுக்கும் ஒரு சிறிய கார் சறுக்கிச் சறுக்கி ஓரத்தில் நின்றுவிட்டது. எங்கள் வண்டியோ ஒரு சக்கரம் வழுக்கினால் அடுத்ததுக்கு வேலையைக் கொடுத்து, எதுவும் நடக்காதது போல ஏறியது. அதுதான் சிக்கல். வழுக்கும் சாலை என்பதை வண்டி ஓட்டுநருக்குச் சொல்லவே இல்லை. ஏற்றத்தில் சேர்ந்த தைரியத்தோடு ஒருவர் திருப்பத்துக்குப் போகிறார். அங்கே நாலு சக்கரமும் இழுத்து என்ன பயன்? நிற்கவும் திரும்பவும் தரையோடு தொட்டுக்கொண்டிருப்பது உள்ளங்கை அகல ரப்பர் நான்கு துண்டுதான். லட்ச ரூபாய் காரானாலும் கோடி ரூபாய் ஜீப்பானாலும் அதே நான்கு.

பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காய்ந்த தார்ச் சாலையில் உராய்வுக் கெழு 0.7 என்று வைத்தால், 100 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்த கார் 56 மீட்டரில் நிற்கும். அழுந்திய பனியில் 0.25 என்றால் 157 மீட்டர். வெறும் ஐஸில் 0.1, ஏறத்தாழ 390 மீட்டர், ஒரு தெருவே போய்விடும். திருப்பிப் போட்டால், பனியில் 60இல் போகிறவருக்குக் கிடைப்பது காய்ந்த சாலையில் 100இல் போகிறவரின் பிரேக். 70க்கு மேல் போக மாட்டேன் என்று அவள் அடம் பிடித்ததற்குப் பின்னால் இருந்த எண் இது. அவள் கணக்குப் போடவில்லை. மூன்று குளிர்காலம் ஓட்டியிருக்கிறாள்.

எனக்கோ வலது கால் சும்மா இருக்கவில்லை. முன்னே லாரியின் விளக்கு சிவக்கும்போதெல்லாம் காலடி ரப்பர் விரிப்பை மிதித்தேன்.

“ஏனுங் மாமா, அங்க பிரேக் இல்லீங்க.”

கிரேட் பியர் பனிக்கூரைக்குள் நுழைந்தபோது சட்டென்று உலகம் திரும்பி வந்தது: தார், மஞ்சள் கோடு, கான்கிரீட் தூண்கள். மேலே சரிவிலிருந்து வரும் பனி, சாலையின்மேல் விழாமல் கூரைவழி உருண்டு போகட்டும் என்று கட்டியது. கூரை போட முடியாத சரிவுகளில் வேறு வழி. சாலையை அடைத்து, வெடி வைத்து, பெரிதாகச் சேரும் முன்பே பனியைத் தாங்களே இறக்கிவிடுகிறார்கள். அந்நேரம் வண்டிகள் வரிசையில் நின்று காத்திருக்க வேண்டியதுதான். கம்பளி, தண்ணீர், மண்வெட்டி, சாப்பாடு இல்லாமல் இவள் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. பின்சீட்டில் புளிசோறு இருந்தது.

உச்சிக்கு அருகே ஸாப்கியோஸில் லாரிகள் பிரேக் சரிபார்க்கும் இடத்தில் இறங்கினோம். பின்விளக்குகளை மூடி நாலு விரல் பனி. எல்.இ.டி. விளக்கின் முகப்பு அவ்வளவாகச் சூடாகாது, அதனால் பனி உருகாது. பழைய குண்டு பல்பு என்றால் தானே கரைத்துக்கொள்ளும். அவள் தூரிகையால் துடைத்துவிட்டாள். அங்கிருந்து பனியகற்றும் வண்டிகள் மூன்று, படிக்கட்டு போல ஒன்றன்பின் ஒன்று சாய்வாகச் சாலை முழுதையும் அடைத்துப் போயின. பின்னால் நாற்பதில் ஊர்ந்தோம். ஒரு பெரிய பிக்கப் பொறுமையிழந்து ஹாரன் அடித்தது. முந்த இடமில்லை, முந்தினாலும் முன்னால் இருப்பது தள்ளாத பனி. ஹோப்பின் இழுவை லாரிக்காரர்களை வைத்து 2012இல் ஒரு தொலைக்காட்சித் தொடரே தொடங்கினார்கள். கதைக்குப் பஞ்சம் வராதது ஏன் என்று அந்த ஹாரன் சொன்னது.

ஜூலியட்டுக்கு அப்பால் மேகம் கிழிந்து வெயில் வந்தது. மலைக்கு இந்தப் பக்கம் மழைமறைவு நிலம். பனி மாவு போல உதிரியாக, சாலையின் குறுக்கே பாம்பாக நெளிந்து ஓடியது. மைனஸ் 9. இந்தக் குளிரில் உப்பு பெரிதாக வேலை செய்யாது என்பதால் மணலும் பொடிக்கல்லும் தூவுகிறார்கள். எதிர்ப்பக்க லாரி ஒன்று தெறிக்கவிட்ட கல் கண்ணாடியில் நட்சத்திரம் போட்டது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இங்கே விரிசல் இல்லாத கண்ணாடி அபூர்வம்.

மெரிட்டுக்கு முன்பு வேகம் 90ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது. டயர் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். ஊருக்குள் ஓரங்கட்டி, குச்சி ஒன்றை எடுத்துச் சக்கரத்தின் உட்பக்கம் குத்தினாள். கெட்டியான பனிக்கட்டி பாளம் பாளமாக விழுந்தது. ரிம்முக்குள் ஒரு பக்கமாகப் பனி சேர்ந்தால் சக்கரத்தின் எடை கோணலாகிவிடுமாம். நடுக்கம் போயிற்று.

மெரிட்டிலிருந்து கம்லூப்ஸ் வரையிலான பாதி 1987இல் திறந்தது. யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் கோக்கின் உண்மையான உச்சி இங்கேதான். சர்ரி லேக்கில் 1,445 மீட்டர். பீடபூமி, பைன் மரம், காற்று, வெள்ளை. புளிசோறு தீர்ந்தது.

கடைசியில் கம்லூப்ஸுக்கு இறக்கம். ஊர் 345 மீட்டரில், இரண்டு தாம்ப்சன் ஆறுகளும் கூடும் இடத்தில் கிடக்கிறது. உச்சியிலிருந்து ஆயிரத்து நூறு மீட்டர் கீழே. நிழல் விழுந்த திருப்பங்களில் தார் கறுப்பாக மின்னியது. ஈரமா ஐஸா என்று கண்ணால் சொல்ல முடியாது. அவள் ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்த பட்டையை ஒருமுறை இழுத்தாள். எஞ்சின் உறுமி, வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொண்டது. ஏறின கியரிலேயே இறங்கு என்று வால்பாறை மலைப்பாதை பஸ் டிரைவர்கள் சொல்வதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். நாலு சக்கர இழுப்பு இறக்கத்துக்கு உதவாது என்று நான் நினைத்ததைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. எஞ்சினின் அந்தப் பிடி இரண்டு சக்கரத்தில் மட்டும் விழாமல் நான்கிலும் பகிர்ந்து விழுகிறது. திருப்பத்துக்குள் போய் இழுத்தால் அதுவே வழுக்கவும் வைக்கும். திருப்பத்துக்கு வெகு முன்பே இழுத்துவிட வேண்டும்.

முதல் சிக்னல் சிவப்பில் இருந்தது. முன் வண்டிக்கும் எங்களுக்கும் இடையே இன்னொரு கார் நுழையும் அளவு இடம் விட்டு நின்றாள். பின்னாலிருப்பவர் சறுக்கி வந்தால் நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமாம். மழையும் இல்லை, பனியும் இல்லை. வெளுத்த புல்லும் காட்டுச் செடியுமாக வறண்ட குன்றுகள். காரின் நிறம் சிவப்பு என்பது உப்புப் படிவில் மறந்தே போயிருந்தது. குனிந்து பார்த்தேன். என் பூட்ஸிலிருந்து உருகிய தண்ணீர் விரிப்பெங்கும் தேங்கியிருக்க, வலது கால் மிதித்துக்கொண்டே வந்த இடம் மட்டும் துடைத்து வைத்தது போலக் காய்ந்து கிடந்தது.