பச்சைக் கைப்பிடியும் அப்பாவின் மூக்கும்

முதலில் ஒரு கொசுவத்தி. ஜோகுபாளையத்தில் இருந்தபோது அப்பாவிடம் ஒரு பஜாஜ் சேட்டக் இருந்தது. அல்சூர் பக்கத்துப் பங்க்கில் பையன் "ஜீரோ நோடி சார்" என்பான். பெட்ரோலோடு டூ-டி ஆயில் சரியாக ஊற்றுகிறானா என்று அப்பா குனிந்து பார்ப்பார். முன்னால் நின்றுகொண்டு வாசனை பிடிப்பது என் வேலை. எந்த பெட்ரோல் என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை.

அமெரிக்கா வந்ததும் நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். பம்பில் 87, 89, 93 என்று மூன்று பட்டன்கள். நம்ம ஊர் பெட்ரோலே 91, அதற்குக் குறைவாகப் போட்டால் எஞ்சின் போய்விடும் என்று இரண்டு வருடம் 93-ஐயே ஊற்றினேன். ஊரில் போடும் எண் வேறு கணக்கு, அமெரிக்க எண் இரண்டு சோதனைகளின் சராசரி. நம் 91 ஏறக்குறைய இங்கே 87 என்பது பிறகுதான் தெரிந்தது. தண்டம். வண்டியின் புத்தகத்தில் 87 என்று போட்டிருந்தால் 87 போதும் மக்களே.

அது காசோடு போயிற்று. 2022-இல் அப்பாவையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்து போனோம். வாடகைக்குக் கிடைத்தது டீசல் கார். அமெரிக்காவில் பெரும்பாலும் டீசலுக்குத்தான் பச்சைக் கைப்பிடி. பழக்கதோஷம், பச்சையை எடுத்துச் சொருகிவிட்டேன். பிரிட்டனில் பச்சை பெட்ரோல், கறுப்புதான் டீசல்! டீசல் குழாய் தடிமன், பெட்ரோல் கார் வாயில் நுழையாது. பெட்ரோல் குழாயோ ஒல்லி, டீசல் காரில் ஜம்மென்று இறங்கும். பதினைந்து லிட்டர் இறங்கிவிட்டது.

நல்ல மழை. பின் சீட்டில் குழந்தைகள் தூக்கம். காசு கட்டிவிட்டு வந்து கதவைத் திறக்கிறேன், கால் நீட்ட இறங்கியிருந்த அப்பா, "டேய், இது பெட்ரோல் வாசனையாச்சே? டீசல் வண்டின்னுதானே சொன்னே?" என்றார்.

"ஆமாம்ப்பா..."

"சாவியத் தொடாதே."

டீசல் வண்டியின் பம்புக்கு டீசலேதான் எண்ணெய்ப் பசை. பெட்ரோல் அதைக் கழுவிவிடும், உலோகம் உலோகத்தோடு உரசும். ஸ்டார்ட் பண்ணியிருந்தால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். பண்ணாததால், ஆள் வந்து டேங்க்கை உறிஞ்சி எடுத்ததோடு முடிந்தது. வாடகை இன்ஷூரன்ஸ் இதற்குக் கிடையாதாம். தங்கமணி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஐரோப்பா போகிறவர்கள் நிறத்தை நம்பாதீர்கள். 2018-லிருந்து அங்கே பம்பில் குறி இருக்கிறது: வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்றிருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றிருந்தால் டீசல். மூடிக்குள்ளும் அதே குறி இருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளலாம். பிரான்ஸில் 'கசோல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து 'கேஸ்'தானே என்று போட்டுவிடாதீர்கள், அது டீசல்.

போன தடவை ஊருக்குப் போனபோது அந்த சேட்டக் இன்னும் வாசலில் நின்றது. 2023 பிப்ரவரியில் பெங்களூரில்தான் ஈ20 பெட்ரோலைத் தொடங்கி வைத்தார்கள், இப்போது எங்கும் அதுதான். பழைய ரப்பர் டியூபை அது அரித்துவிடுமோ என்று அப்பாவுக்குக் கவலை. டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"சாராய வாடை அடிக்குதுடா."